கசக்காத மாத்திரை

அன்று காலை என் புருஷனுக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையை நகத்தால் பிரித்துவிட்டேன். பாதி மஞ்சளும் பாதி வெள்ளையுமாக இருக்கும் கேப்ஸ்யூல் அது. லேசாகத் திருகி இழுத்தால் இரண்டாகக் கழன்றுவிடுகிறது. உள்ளே வெள்ளைத் தூள். சுண்டுவிரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கசப்பு இல்லை, துவர்ப்பு இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இடியாப்ப மாவை வாயில் போட்ட மாதிரி இருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் மூடியைத் திரும்பப் பொருத்தி அவருக்கே கொடுத்தேன்.

பிரிக்கவே கூடாது என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் நான் காஞ்சிபுரத்துக்காரி. பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டிப் பிழைக்கிறவள். ஜரிகை என்று யார் எதைக் கையில் கொடுத்தாலும் எங்கள் ஊரில் முதலில் சுரண்டிப் பார்ப்போம். மேலே எத்தனை மினுக்கினாலும் சரி, சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிய வேண்டும். தெரிந்தால் அசல். தெரியாவிட்டால் பல்லை இளித்துக்கொண்டு கொண்டுவந்தவன் அதே பல்லோடு திரும்பிப் போக வேண்டியதுதான். மூன்று மாதமாக ஒரு பொருளைச் சுரண்டிப் பார்க்காமல் புருஷன் வாயில் போட்டுக்கொண்டிருந்ததே என் குணத்துக்கு அதிகம்.

என் புருஷன் காசிநாதன் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். புரட்டாசியில் ஒரு நாள், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அப்படியே முன்னால் சாய்ந்துவிட்டார். ஏறியிருந்த ஐந்து பேரும் குடித்திருக்கிறார் என்று நினைத்துத் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்கள். பூ விற்கிற ஒரு அம்மாதான் வாய் கோணியிருப்பதைப் பார்த்துக் கத்தியிருக்கிறது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல், "போலாம்". இருபது வருஷமாக ஆள் ஏறியதும் அவர் சொன்ன சொல். இப்போது பசித்தாலும் போலாம், ஒண்ணுக்கு வந்தாலும் போலாம், டிவி சத்தம் பிடிக்காவிட்டாலும் போலாம். நான் அழுதால் தாழ்ந்த குரலில் ஒரு போலாம். எங்கேய்யா போவது என்று சில நாள் எனக்குக் கத்தத் தோன்றும். கத்தியும் இருக்கிறேன்.

நெடுஞ்சாலை ஓரத்து ஆஸ்பத்திரியில்தான் அந்த மாத்திரையைப் பற்றிச் சொன்னார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு மூளை புதிதாக வழி போட்டுக்கொள்ள உதவுமா என்று சோதித்துப் பார்க்கிற மருந்து. உதவும் என்று இன்னும் யாருக்கும் நிச்சயமில்லை. சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து வரும், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை வரும். யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது, கம்ப்யூட்டர்தான் பிரிக்கும். என் பெண் திரிஷா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்து, அந்தப் படிவத்தை ஒரு வரி விடாமல் படித்துச் சொன்னாள். "யம்மா, இது லாட்டரி மாதிரி. ஆனா எக்சர்சைஸ் சொல்லித் தருவாங்க, மாசா மாசம் செக் பண்ணுவாங்க. நஷ்டம் ஒண்ணும் இல்ல," என்றாள். கையெழுத்துப் போட்டேன். போட்ட அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நம்முடைய பாட்டிலில் இருப்பது எது?

இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் தேறிக்கொண்டுதான் இருந்தார். தை மாதம் கல்யாண சீசன். கடையிலிருந்து ஒரு நாளைக்கு எட்டுப் புடவை வரும். முந்தானை நுனியில் தொங்குகிற நூலைப் பிரித்து, இரண்டிரண்டு கற்றையாக முறுக்கி முடி போட வேண்டும். திரிஷா ஷிப்டுக்குப் போய்விடுவாள். எனக்கு இரண்டு கை போதவில்லை. ஒரு நாள் எரிச்சலில் அவருடைய வலது கை விரல்களுக்கு நடுவே ஒரு கற்றையைச் செருகி, "சும்மாதானே உக்காந்துக்கினு இருக்கறீங்க, இத்த முறுக்குங்க," என்றேன். நூல் நழுவி விழுந்தது. மறுபடி செருகினேன். மறுபடி விழுந்தது. முதல் வாரம் முழுக்க அதுதான் நடந்தது. மூன்றாவது மாதம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நூலை உருட்டத் தொடங்கின. முறுக்கு சீராக இருக்காது, நான்தான் பிரித்து மறுபடி போடுவேன். ஆனாலும் காலையில் டீ குடித்ததும் கையை நீட்டிக்கொண்டு "போலாம்" என்பார். நூலைக் கொடு என்று அர்த்தம்.

மருந்துதான் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நாக்கில் மாவு.

அதே வாரம் வியாழக்கிழமை எக்சர்சைஸ் ஹாலில் காந்தாம்மாவைப் பார்த்தேன். அவருடைய வீட்டுக்காரர் சீனிவாசனுக்கும் பக்கவாதம். எங்களோடு ஒரே நாளில் இந்தச் சோதனையில் சேர்ந்தவர்கள். திருப்புட்குழிக்காரர்கள், நிலம் நீச்சு உள்ள குடும்பம், அவர் ஒரு தடவை கவுன்சிலராகவும் இருந்தவர். என் அம்மாவுக்கும் திருப்புட்குழிதான், காலனி. அந்த வீட்டு வயலில் நாற்று நட்டவள். தாகம் எடுத்தால் அந்த வீட்டு வாசலில் குனிந்து இரண்டு கையையும் குவிப்பாள், மேலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். இதெல்லாம் காந்தாம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஹாலில் நாங்கள் இருவரும் அதைப் பேசியதே இல்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கு எத்தனை படி ஏற முடிந்தது என்று பேசிக்கொள்வோம்.

சீனிவாசனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார்கள். டிரைவர் ஒரு பக்கம், காந்தாம்மா ஒரு பக்கம். மூக்கு அரித்தால்கூட காந்தாம்மாதான் சொறிந்துவிடுவார். வலது கை மடியில் கிடக்கும், அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருப்பார். அன்றைக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்த காந்தாம்மா, அவருடைய மாத்திரையைச் சட்டென்று பிரித்தார்.

"விழுங்க மாட்டேன்றாருடி. தீபிகா கிட்ட சொல்லிடாத. ஸ்பூன புடி," என்றார்.

தீபிகா என்பது மாதாமாதம் எங்களுக்குப் பாட்டில் கொடுத்து, மிச்சத்தை எண்ணி வாங்கிக்கொள்ளும் நர்ஸ் பெண். நான் ஸ்பூனைப் பிடித்தேன். கொஞ்சம் தூள் என் விரலில் சிந்தியது. காந்தாம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் விரலை வாயில் வைத்தேன். நிலவேம்புக் கஷாயம் மாதிரி கசந்தது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலும் தொண்டையில் அந்தக் கசப்பு இருந்தது.

அசல் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறது. அங்கே அது துண்டால் மூடிய கைக்குப் போய் வீணாகிக்கொண்டிருக்கிறது. இங்கே மாவைத் தின்றே ஒரு மனுஷன் நூல் முறுக்குகிறார். அந்த மருந்து மட்டும் இவருக்குக் கிடைத்திருந்தால் இந்நேரம் பேசியிருப்பாரே, ஆட்டோவைக்கூட எடுத்திருப்பாரே. எதைச் செய்தாலும் இதே நினைப்பாக இருந்தது. குஞ்சத்தில் முடி தவறிப்போய் கடையில் இரண்டு புடவையைத் திருப்பி அனுப்பினார்கள். கம்ப்யூட்டருக்குக்கூட எந்தத் தெரு யாருடையது என்று தெரிந்திருக்கிறதா என்று என் புருஷன் மேலேயே எரிந்து விழுந்தேன். அவர் பாவம், "போலாம், போலாம்," என்று என் தோளைத் தட்டினார்.

நான்கு நாள் கழித்து எங்கள் தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. காந்தாம்மா இறங்கி, கதவு கதவாக விசாரித்துக்கொண்டு வந்தார். கூடத்தில் இவர் நூல் முறுக்குவதை வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தண்ணி குடு அம்சா."

சொம்பில் கொடுத்தேன். வாய் வைத்தே குடித்தார், முழுசாக. என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் இதை நம்பியிருக்க மாட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

"உன் வூட்டுக்காரரு நூலு முறுக்குறாரு. எங்காளு ஒரு டம்ளர் தூக்கல," என்றார். "ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான் ஆரம்பிச்சாங்க. அப்ப உனக்கு வந்துக்கிறது அசலு. எனக்கு வந்துக்கிறது டூப்பு. எனக்கு அன்னிக்கே தெரியும்."

நான் முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு பதினஞ்சு நாளு மாத்திக்கலாமா? பாட்டிலு அப்படியே இருக்கட்டும், உள்ள இருக்கறத மட்டும். தேறுறாரான்னு பாத்துட்டு திருப்பிக் குடுத்துடுறேன். நான் யாருகிட்டயும் போயி இப்படி நின்னதில்ல அம்சா."

உங்களுடையதுதான் கசக்கிறது, எங்களுடையதில் வெறும் மாவு என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நான் என்ன செய்தேன் என்றால், கையிலிருந்த நூலைப் பார்த்துக்கொண்டே அவரை இன்னும் கொஞ்சம் கெஞ்சவிட்டேன். அந்த வீட்டு வாசலில் குனிந்த ஒருத்தியின் மகள் நான். கெஞ்சல் காதுக்கு இதமாக இருந்தது. அப்புறம் பெரிய மனசு பண்ணுகிறவளைப் போல, "சரிங்கம்மா. உங்களுக்காக," என்றேன். மாத்திரையை மாற்றிக்கொண்டதைக்கூட மன்னித்துவிடுவேன். அந்த "உங்களுக்காக" இருக்கிறதே, அதற்காக என்னை என்னாலேயே மன்னிக்க முடியவில்லை.

எங்கள் பாட்டிலில் இருந்ததை அவர் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். மறுநாள் காலையில் அவருடைய டிரைவர் ஒரு காகித உறையைக் கொண்டுவந்து கொடுத்தான். உறையைத் திறந்தேன். அதே மஞ்சள், அதே வெள்ளை. பாட்டிலில் கொட்டி மூடினேன்.

அன்றிலிருந்து என் புருஷனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உதடு அசைகிறதா, கால் நேராக விழுகிறதா, வேறு சொல் ஏதாவது வருகிறதா? வேலை ஓடவில்லை. அடுப்புக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். இத்தனை நாள் மாவைத் தின்னக் கொடுத்துவிட்டு அந்தக் கையை இழுத்துப் பிடித்து வேலை வாங்கியிருக்கிறோமே என்று பாவமாக வேறு இருந்தது. இனி மருந்து பார்த்துக்கொள்ளும் என்று நூல் கொடுப்பதை நிறுத்தினேன். கையை நீட்டினார். "சும்மா இருங்க. உள்ள அது வேல செய்யட்டும்," என்று கையை மடியில் வைத்தேன். மறுபடி நீட்டினார். மறுபடி வைத்தேன். மூன்றாம் நாள் எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி "போலாம்!" என்று கத்தினார். இவ்வளவு சத்தம் வருகிறதென்றால் மருந்து பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். அவ்வளவு அறிவாளி நான்.

ஒன்பதாம் நாள் சட்டை போட்டுவிடும்போது வலது கை விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கட்டைவிரலைத் தொட்டாலே முகத்தைச் சுளித்தார். கசக்கிற மருந்து இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? பாட்டிலைக் கவிழ்த்து ஒரு மாத்திரையைப் பிரித்து நாக்கில் வைத்தேன். கசந்தது. இன்னொன்றைப் பிரித்தேன். மாவு. இன்னொன்று, அதுவும் மாவு. ஆறு மாத்திரையைப் பிரித்துவிட்டேன். இரண்டு கசந்தன, நான்கு கசக்கவில்லை. தட்டில் தூளும் காலி மூடிகளுமாகக் கிடந்தன. காந்தாம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னாங்கம்மா குடுத்தனுப்பனீங்க? ஒண்ணு ஒரு மாதிரி இருக்குது, ஒண்ணு ஒரு மாதிரி இருக்குது."

"கண்டுபுடிச்சிட்டியா," என்றார். "எனக்கு மனசு கேக்கல அம்சா. நான் வந்து கேட்டதும் நல்லத எடுத்துக் குடுத்துட்ட. ஒண்ணுமில்லாதத உனக்கு அனுப்பிட்டு நான் எப்படிச் சோறு தின்றது? உன் புருஷன் கை மறுபடி விழுந்துச்சுன்னா அது என்னைச் சும்மா வுடுமா? சாமி ரூம்ல தாம்பாளத்துல ரெண்டையும் கொட்டிக் கலந்துட்டேன். உனக்குப் பாதி, எனக்குப் பாதி. யாருக்கு எது வருதோ வரட்டும்."

நான் தட்டில் கிடந்த தூளைப் பார்த்தேன்.

"இன்னா, லைன்ல இருக்கியா?"

"இருக்கறேன்மா," என்று சொல்லி வைத்துவிட்டேன். போனைக் கீழே வைத்த கையோடு ஒரு கற்றை நூலை எடுத்து என் புருஷன் விரல்களுக்கு நடுவே செருகினேன். நழுவி விழுந்தது. மறுபடி செருகினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, நூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வியாழக்கிழமை எண்ணுகிற நாள். பஸ்ஸிலேயே பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டேன். அரிசி களையும்போது பாட்டில் கவிழ்ந்துவிட்டது, ஆறு மாத்திரை தண்ணீரில் போய்விட்டது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்ததில் எனக்கே நடந்த மாதிரி ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால் இரண்டு பேரையும் சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்கள். முதல் நாளே அதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். மாத்திரை போகும், எக்சர்சைஸ் ஹால் போகும், கூடவே இன்னும் மூன்று மாதத்தில் கையோ பேச்சோ வந்துவிடும் என்கிற நினைப்பும் போகும்.

தீபிகா நீலத் தட்டில் இரண்டு பாட்டிலையும் தனித்தனியாகக் கொட்டி எண்ணினாள். சின்னப் பெண், உதடு அசைய எண்ணுவாள். நானும் காந்தாம்மாவும் எதிரில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஆட்கள் இருவரும் சுவரோரமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

"அக்கா, உங்களுதுல ஆறு குறையுதே. என்னாச்சுக்கா?"

காந்தாம்மா என் முழங்கையை லேசாக அழுத்தினார். சொல்லாதே என்று அர்த்தம். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துதான் அழுத்தினார். அந்தக் கை என் மேல் பட்டதும் அரிசியும் தண்ணீரும் எல்லாம் மறந்து போயிற்று.

"பிரிச்சு நக்கிப் பாத்தேன்மா," என்றேன். "ரெண்டு பேரும் மாத்திரைய மாத்திக்கினோம். இப்ப ரெண்டு பாட்டில்லயும் கலந்து கெடக்குது. இவங்க மேல தப்பில்ல. எங்களுது கசக்கல, இவங்களுது கசந்துச்சு. அது தெரிஞ்சுதான் நான் மாத்திக்க ஒத்துக்கினேன். இவங்க கேட்டப்ப ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

தீபிகா தட்டில் வைத்த விரலை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

"யார்க்கா உங்களுக்கு சொன்னது, கசந்தாதான் மருந்துன்னு?"

நான் என் சுண்டுவிரலைப் பார்த்தேன்.

"எதுல இன்னா இருக்குன்னு எனக்கே தெரியாதுக்கா. டாக்டருக்கும் தெரியாது. கசக்கறதுதான் டம்மியாகூட இருக்கும். இதே மாதிரி எத்தனையோ ஊர்ல எத்தனையோ பேரு சாப்புட்டுக்கினு இருக்காங்க. எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தாதான் இது வேல செய்யுதா இல்லையான்னே சொல்ல முடியும். நீங்க என்னடான்னா..." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும்க்கா. இருங்க."

தட்டையும் பாட்டில்களையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

காந்தாம்மாவின் கை என் முழங்கையில் இல்லை. எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுதான் குடுத்தியா?"

"தெரிஞ்சுதாம்மா. உங்களுது அசல்னு நெனச்சேன்."

"நான் உன் வூட்ல தண்ணி குடிச்சேன்," என்றார்.

சுருக்கென்றது. குடித்தால் என்ன, அதைச் சொல்லிக்காட்டுவீர்களா என்று கோபம் வந்தது. குடித்த தண்ணீருக்கு நான் செய்த மரியாதை இதுதானா என்று வெட்கமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்து முட்டியதில் நான் எழுந்துவிட்டேன். உட்காரவும் முடியவில்லை, அந்த மூடின கதவைத் தட்டவும் முடியவில்லை. ஹாலின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பினேன்.

திரும்பும்போதுதான் பார்த்தேன். காசிநாதன் என் பையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் துழாவிக்கொண்டிருந்தார். கடைக்குக் கொடுத்தது போக மிஞ்சின துண்டு நூல் அதில் எப்போதும் கிடக்கும். அரக்குக் கலரில் நீளமாக ஒரு கற்றையை உருவி எடுத்தார். அதைத் தனியாக முறுக்க முடியாது, மறுமுனையை யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டும். வீட்டில் நான்தான் பிடிப்பேன். அவர் என்னைத் தேடவில்லை. மறுமுனையைப் பக்கத்துச் சக்கர நாற்காலிப் பக்கம் நீட்டினார்.

"போலாம்," என்றார்.

சீனிவாசன் நூலைப் பார்த்தார், நீட்டிய கையைப் பார்த்தார். இடது கையால் நுனியை வாங்கினார். இவர் தலையை ஆட்டி, "போலாம், போலாம்," என்றபடி அவர் கையை மூடியிருந்த துண்டைச் சுட்டிக் காட்டினார். சீனிவாசன் துண்டைத் தள்ளிவிட்டு, மடியில் கிடந்த வலது கை விரல்களுக்கு நடுவே நூலைத் தானே செருகினார். நழுவி விழுந்தது. குனிந்து தேடி எடுத்து மறுபடி செருகினார்.

காந்தாம்மா பதறி எழுந்து அந்த நூலைப் பிடித்துக் கொடுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை நூலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அரக்கு நூல் இருவர் கையிலும் தொய்ந்து கிடந்தது, இந்தப் பக்கத்து முனையை என் புருஷன் மெதுவாக முறுக்கத் தொடங்கியிருந்தார்.